வலி ஓரிடம், சொத்தை ஓரிடம்

வாசகர் கேள்வி:

"என் மகள் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவள். 2024இல் முதல் முறை நீட் எழுதி 268 எடுத்தாள். ஒரு வருடம் கோச்சிங் போய் 2025இல் எழுதியதில் 297. ஒரு வருட உழைப்புக்கு வெறும் 29 மார்க்தான் கூடியிருக்கிறது. அவள் எம்பிபிஎஸ் கேட்கவில்லை, பல் டாக்டர் ஆகவேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்தே ஆசை. பிசிக்ஸ்தான் காலை வாருகிறது. கோச்சிங்கில் சொன்னபடி அதை முதலில் எழுதியதில் 1 மணி 20 நிமிடம் போய்விட்டது. நெகட்டிவ் மார்க் பயம் வேறு. ராத்திரியில் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. ஆறு முதல் எட்டு வரை அரசு உதவிபெறும் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வருவாளா? ஏஜெண்ட் ஒருவர் இந்த மார்க்குக்கே டென்டல் சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அவள் இடக்கைக்காரி, அது தடையா? மூன்றாம் முறை எழுத வைக்கலாமா? கடைவாயில் ஒரு பல் விட்டுவிட்டு வலிக்கிறது, தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். ஓஎம்ஆர் விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் வைத்து எண்ணிய கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்."
ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பக்கம்தான். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் மொத்த மார்க் மட்டும் இருக்கும். நீங்கள் எத்தனை எழுதினாள், எத்தனை சரி, எத்தனை தப்பு என்று பாடவாரியாகக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கோச்சிங்கில் ஒரு வருடம் அவளைப் பார்த்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை இது.

அந்தக் கணக்கு மற்ற வாசகர்களுக்கும் தெரியட்டும். நீட்டில் சரியான விடைக்கு 4 மார்க், தப்புக்கு 1 குறைவு. உயிரியலில் 90 கேள்வியும் எழுதி 61 சரி, 29 தப்பு, 215 மார்க். வேதியியலில் 38 எழுதி 21 சரி, 17 தப்பு, 67 மார்க். இயற்பியலில் 30 எழுதி 9 சரி, 21 தப்பு, 15 மார்க். கூட்டினால் 297.

என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "மேல் பல்லு, டாக்டர்" என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். மேல் பல்லைத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கீழே ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகி நரம்பு வரை போயிருக்கும். முகத்துக்கு வரும் நரம்பின் கிளைகள் மேலும் கீழுமாகப் பிரிந்தாலும் அடிவேர் ஒன்றுதான், அதனால் மூளைக்கு இடம் குழம்பிவிடுகிறது. காட்டிய பல்லைப் பிடுங்கினால் பல் போகும், வலி போகாது. உங்கள் மகள் விஷயமும் எனக்கு அப்படித்தான் படுகிறது. வலி இயற்பியலில், சொத்தை உயிரியலில்.

எப்படி என்கிறீர்களா? இயற்பியலில் அவள் தொட்ட 30 கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தால்கூட நான்கில் ஒன்று என்ற கணக்கில் சராசரியாக ஏழரை சரியாக வந்திருக்கும். (ஏழரை என்றதும் சனியை நினைத்துக்கொள்ளாதீர்கள்.) அவளுக்கு வந்தது 9. அதாவது 1 மணி 20 நிமிடம் போட்டு முட்டி மோதி அவள் சம்பாதித்தது, குருட்டாம்போக்கைவிட ஒன்றரைக் கேள்வி அதிகம். அவ்வளவுதான். வேதியியலுக்கு 55 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயிரியலின் 90 கேள்விக்கு மிச்சம் இருந்தது 45 நிமிடம், ஒரு கேள்விக்கு 30 விநாடி. படிப்பதும் யோசிப்பதும் வட்டமிடுவதும் அதற்குள் முடியவேண்டும். 29 தப்பு வராமல் என்ன செய்யும்?

தப்பான ஒரு விடை சரியாக மாறினால் கிடைப்பது 4 மார்க் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை, 5. குறைந்திருந்த ஒன்றும் திரும்பி வருகிறது. உயிரியலில் அந்த 29இல் 17ஐ மட்டும் சரிசெய்தால் 85 மார்க். அதே 85ஐ இயற்பியலில் எடுக்க, அவள் தப்பாகப் போட்ட 21இல் 17ஐச் சரியாக்க வேண்டும். எது நடக்கும், எது நடக்காது என்று அவளையே கேளுங்கள்.

கோச்சிங்கில் "பிசிக்ஸை முதலில் முடித்துவிடு" என்று சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, மூளை புதிதாக இருக்கும்போது கஷ்டமானதைச் செய் என்பது. 600க்கு மேல் எடுக்கும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். உங்கள் மகளுக்கு அது கடன் வாங்கிய சட்டை. அவள் உயிரியலில் ஆரம்பிக்கட்டும், நிதானமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் வேதியியல் 50 நிமிடம், இயற்பியலுக்கு ஒரு மணி. மீதி 10 நிமிடம் ஓஎம்ஆரைச் சரிபார்க்க.

சரி, அந்த 29 தப்பை என்ன செய்வது? கேள்வித்தாளை மேசையில் விரித்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் தப்பானது என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். "தெரியாது", "குழம்பினேன்", "கவனிக்கவில்லை". இந்த மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். தெரியாதது குறைவாகத்தான் இருக்கும், என் அனுபவத்தில். அதற்குப் பாடத்தைத் திறந்து படித்தால் போதும். குழம்பியதுதான் பெரிய குவியல். உதாரணத்துக்கு, செல்லின் குன்றல் பகுப்பில் குறுக்கேற்றம் நடப்பது பாக்கிட்டீன் என்ற கட்டத்தில். அதன் தடமான கயாஸ்மா கண்ணுக்குத் தெரிவது அடுத்த கட்டமான டிப்ளோட்டீனில். இரண்டையும் அவள் படித்திருப்பாள். ஹாலில் இரண்டும் நான்கு விருப்பங்களுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கை தடுமாறும். இந்த மாதிரி இரட்டைகளுக்கென்று ஒரு நோட்டு போடவேண்டும்; இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் மற்றொன்று, நடுவில் வித்தியாசம் ஒரே வரியில். சி3 தாவரத்தில் முதலில் உருவாகும் நிலையான பொருள் மூன்று கார்பன் கொண்ட பிஜிஏ, சி4இல் நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோ அசிட்டிக் அமிலம் என்பது போல. குழம்பியவை ஒரு நூறு சேர்ந்தால் அந்த நோட்டு எந்த கைடையும்விட அவளுக்கு உதவும், ஏனென்றால் அதில் இருப்பது அவளுடைய குழப்பங்கள் மட்டும்.

கவனிக்காமல் விட்டது என்பது இன்னொரு நோய். "கீழ்க்கண்டவற்றுள் தவறான கூற்று எது" என்று கேட்டிருப்பார்கள். அவசரத்தில் சரியான கூற்றைத் தேடிப்பிடித்து மகிழ்ச்சியாகக் கறுப்பாக்கியிருப்பாள். "தவறான", "அல்லாத", "பொருந்தாத" என்ற சொற்களைக் கண்டதும் பேனாவால் அடிக்கோடு போடுவது கையோடு வந்துவிட வேண்டும். வீட்டில் எழுதும் ஒவ்வொரு தாளிலும் போட்டால்தான் ஹாலில் வரும்.

நெகட்டிவ் மார்க் பயம் பற்றி. "தெரியாததைத் தொடாதே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் அது முழுச் சரி இல்லை. சரிக்கு 4, தப்புக்கு 1 குறைவு என்னும்போது, ஒன்றுமே தெரியாமல் போட்டால்கூட சராசரியாகக் கேள்விக்குக் கால் மார்க் லாபம்தான் வரும். நான்கில் ஒரு விருப்பம் நிச்சயம் தப்பு என்று கழித்துவிட்டால் லாபம் மூன்றில் இரண்டு பங்கு மார்க். இரண்டைக் கழித்துவிட்டால் ஒன்றரை மார்க். ஆகவே இரண்டுக்கு நடுவில் நின்று தவிக்கும் கேள்வியை விடவே கூடாது. ஒரு விருப்பத்தைக்கூட கழிக்க முடியாத கேள்வியை மட்டும் விடலாம். அந்தக் கால் மார்க்குக்காக மனசை அலைக்கழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவளுடைய 67 தப்பும் சேர்ந்து பறித்தது 67 மார்க். அந்தக் கேள்விகளில் பாதியையாவது சரியாகச் செய்திருந்தால் வந்திருக்கக்கூடியது அதைவிட எவ்வளவோ அதிகம். பயப்படவேண்டியது எதற்கு என்று தெரிந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும்.

இயற்பியலை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 9 சரியை 16 ஆக்கினால் போதும் என்கிறேன். அதற்கு 45 கேள்வியையும் துரத்த வேண்டாம். குறைக்கடத்தி, ஒளிமின் விளைவு, அணுவும் உட்கருவும், மின்னோட்டம், அலகுகளும் பரிமாணங்களும் என்று ஒரே சூத்திரத்தில் முடியும் பாடங்கள் சில இருக்கின்றன. அவற்றை ஆழமாகப் பிடித்துக்கொள்ளட்டும். சுழல் இயக்கத்தோடு மல்லுக்கட்டியது போதும். கால்குலேட்டர் கிடையாது என்பதால் தினமும் கையால் பெருக்கி வகுத்துப் பழகவேண்டும். 2025இல் இயற்பியல் பகுதி கடினமாக இருந்தது என்று எல்லாரும் புலம்பினார்களே, அதில் பாதி நீளமான கணக்குகளைப் பற்றிய புலம்பல்தான். வேதியியலில் கனிம வேதியியல் பாடப்புத்தக வரிகளிலிருந்தே வரும். மோல் கணக்கு தெரிந்தால் இன்னும் சில கேள்விகள் வசமாகும். அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

"வெறும் 29 மார்க்தான் கூடியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அவள் காதுபடச் சொல்லியிருந்தால் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். 2024 தாளும் 2025 தாளும் ஒரே தராசு இல்லை. 2024இல் 200 கேள்வி கொடுத்து 180ஐத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னார்கள், நேரமும் 3 மணி 20 நிமிடம். 2025இல் அந்தச் சலுகை போய்விட்டது; 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாம் கட்டாயம். 2024இல் திருத்திய முடிவில்கூட 17 பேர் 720க்கு 720 எடுத்திருந்தார்கள். 2025இல் நாட்டிலேயே முதல் மார்க் 686. பொதுப் பிரிவுக்கான தகுதி மார்க் 162இலிருந்து 144க்கு இறங்கியது. எல்லாரும் கீழே இறங்கிய வருடத்தில் உங்கள் மகள் மேலே ஏறியிருக்கிறாள். இரண்டு வருடத் தரவரிசை எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறாள் என்று தெரியும். இந்தத் தேர்வில் மார்க்கைவிட ரேங்க்தான் பேசும்.

அடுத்து, அவள் எதிலிருந்து படிக்கிறாள் என்பது. மறுபடி எழுதும் பிள்ளைகள் பழைய கைடுகளை வைத்துக்கொண்டு, இப்போது பாடத்திட்டத்திலேயே இல்லாததைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைக்கப்பட்டுவிட்டது. தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள் எல்லாம் போய்விட்டன. செரித்தல் பாடமும் போய்விட்டது. எனக்கு அதில்தான் ஒரு வருத்தம். மனிதனின் பல் சூத்திரம், பால் பல், நிலைப் பல் எல்லாம் இருந்தது அந்தப் பாடத்தில்தான். பல் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத்தேர்வில் பல் இல்லை! நம் மாநிலப் பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது. ஆசைக்குப் படிக்கட்டும், தேர்வுக்கு வேண்டாம். நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை வெளியிடும் பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளை என்பதால் இன்னொன்று. தமிழ்க் கேள்வித்தாள் கேட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018இல் தமிழ் மொழிபெயர்ப்பில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே வாதாட வரவில்லை. பிள்ளைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, தமிழ்ச் சொல் புதிதாகவோ விநோதமாகவோ தெரிந்தால் உடனே கண் ஆங்கில வரிக்குப் போகவேண்டும் என்பது. அதற்கு, படிக்கும்போதே ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதிப் பழகியிருக்கவேண்டும். உயிரியலுக்கு மட்டுமாவது மத்திய பாடத்திட்டத்தின் என்சிஇஆர்டி புத்தகத்தை ஆங்கிலத்திலேயே மெதுவாகப் படிக்கட்டும். முதல் மாதம் அகராதியும் கையுமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும். பிடிஎஸ் என்னும் பல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தால் எப்படியும் எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

7.5 சதவீத இடஒதுக்கீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனதுக்குக் கஷ்டமான பதில்தான், ஆனாலும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது அது. உதவிபெறும் பள்ளி அதில் சேராது. அந்த மூன்று வருடம் உங்கள் மகளை வெளியே நிறுத்திவிடுகிறது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சமூகப் பிரிவுக்கான மற்ற இடஒதுக்கீடு உண்டு, சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: நீட் எழுதிவிட்டால் தானாகக் கவுன்சலிங் வந்துவிடாது. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஏஜெண்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். 297 என்பது தகுதி மார்க்குக்கு மிகவும் மேலே. இந்த மார்க்கில் தனியார் கல்லூரி பிடிஎஸ் இடத்துக்கு அவளே விண்ணப்பிக்கலாம். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கும் தேர்வுக் குழு வழியாகத்தான் போகவேண்டும். நடுவில் ஒருவர் வாங்கித் தருவதற்கு ஒன்றுமில்லை. நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2020-21 சேர்க்கையில் சுமார் 7,000 பிடிஎஸ் இடங்கள் ஆளில்லாமல் கிடந்து, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தகுதி பெர்சன்டைலைப் பத்து குறைத்து நிரப்பச் சொன்னது. பிடிஎஸ் சீட் என்பது அரிய பொருள் இல்லை. அரசுக் கட்டணத்தில் ஒரு பிடிஎஸ் சீட், அதுதான் அரிது. தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்றே: சென்னை, சிதம்பரம், 2023இல் 50 இடங்களோடு திறந்த புதுக்கோட்டை. அங்கே ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில்; தனியாரில் லட்சங்களில். ஆக, இன்னொரு வருடம் படித்து எடுக்கும் ஒவ்வொரு மார்க்கும் குடும்பத்துக்குப் பணமாகத்தான் மிச்சமாகும். கடன் வாங்காமல் தனியார் கட்டணம் கட்ட உங்களால் முடியுமென்றால் இந்த மார்க்கோடு சேர்த்துவிடுவதிலும் தப்பில்லை. கடிதத்தைப் பார்த்தால் முடியாது என்றுதான் தோன்றுகிறது.

மூன்றாம் முறை எழுத விதியில் தடை இல்லை. முயற்சிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, மேல் வயது வரம்பும் 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது. விதி அனுமதிப்பதாலேயே எழுதவேண்டும் என்பதில்லை. எட்டு வாரம் நான் சொன்ன மாதிரி உயிரியலை மட்டும் பிடிக்கட்டும். அப்புறம் அவள் இதுவரை பார்க்காத ஒரு பழைய தாளை வைத்து முழுத் தேர்வு எழுதட்டும். உயிரியலில் சரி 61இலிருந்து 70ஐத் தாண்டியிருந்தால் தைரியமாக எழுத வையுங்கள். நகரவே இல்லையென்றால் தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வழி பேசலாம். எது எப்படியோ, இது கடைசி முறை என்று இருவரும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான்காவது, ஐந்தாவது என்று இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வயதில் தோழிகள் எல்லாம் வேலைக்குப் போகும்போது அவர்கள் அதே டைனமிக்ஸ் பாடத்தில் இருந்தார்கள்.

தூங்குவதில்லை, பேசுவதில்லை என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அந்த வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். மார்க்கைப் பற்றிப் பேசாமல் ஒரு நாள் முழுக்க அவளோடு இருங்கள். மனசு இன்னும் கனமாக இருக்கிறது என்று தெரிந்தால் 104 உதவி எண்ணுக்கோ, டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416க்கோ கூப்பிடுங்கள். பைத்தியக்கார வேலை என்று யாரும் சொன்னால் சொல்லிக்கொண்டு போகட்டும்.

தேர்வு நாளுக்கு வருவோம். மதியம் 2 மணிக்கு ஆரம்பம், ஒன்றரைக்கு வாசல் கதவை மூடிவிடுவார்கள். 2025இல் மே 4 அன்று நடந்தது. நம் ஊர் மே மாத மதியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நம் பிள்ளைகள் மாதிரித் தேர்வை எல்லாம் காலை ஒன்பது மணிக்கு எழுதிப் பழகுகிறார்கள், நிஜத் தேர்வை உண்ட மயக்க நேரத்தில் எழுதுகிறார்கள். கடைசி இரண்டு மாதம் ஞாயிறுதோறும் சரியாக 2 மணிக்கு உட்கார வையுங்கள், சாப்பாடு பன்னிரண்டுக்கு முன்பே, வயிறு முட்ட வேண்டாம். அரைக்கை உடை, சாதாரணச் செருப்பு, நகை கிடையாது. பேனாவை உள்ளே அவர்களே கொடுப்பார்கள். ஒருமுறை கறுப்பாக்கிய வட்டத்தை அழிக்க முடியாது. எல்லாவற்றையும் கடைசியில் வட்டமிடலாம் என்று வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் போட்டுவிடட்டும்; ஒரு கேள்வியைத் தாண்டிப் போனால் அந்த எண்ணைச் சுழித்துக்கொள்ளட்டும். நான் 1995இல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய நுழைவுத்தேர்வு எழுதியபோது ஒரு கேள்வியை விட்டதை மறந்து, அடுத்த பதினொரு விடையையும் ஒரு வரிசை தள்ளிப் போட்டுவிட்டேன். ஹாலை விட்டு வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. (அந்தத் தேர்வை 2007இல் எடுத்துவிட்டு பத்து வருடம் பிளஸ் டூ மார்க்கை மட்டும் பார்த்தார்கள். 2017இலிருந்து நீட்.) எம்பிபிஎஸ் போனது அப்படித்தான். அழுதுகொண்டேதான் பிடிஎஸ் சேர்ந்தேன். முதல் வருடம் மெழுகுக் கட்டியில் ஒரு முன்பல்லைச் செதுக்கச் சொன்னார்கள். மூன்றாவது கட்டி வீணான பிறகு நாலாவதில் பல் மாதிரி ஒன்று வந்தது. அன்று சாயங்காலம் அதைக் கைக்குட்டையில் சுற்றி விடுதிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதற்கப்புறம் அழவில்லை.

இடக்கை தடையே இல்லை. பல் நாற்காலிகளில் பெரும்பாலும் கருவிகள் வலக்கைக்காரருக்கு ஏற்றபடி இருக்கும், முதலில் கொஞ்சம் கோணலாக நிற்கவேண்டி வரும், பழகிவிடும்; இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளும் நாற்காலிகளும் இருக்கின்றன. என் வகுப்பில் இருந்த இடக்கைக்காரர் இன்று தாடை அறுவை சிகிச்சை செய்கிறார். கனடாவில் ஒரு காலத்தில் பல் மருத்துவ நுழைவுத்தேர்வில் சோப்புக் கட்டியைச் செதுக்கிக் காட்டச் சொல்வார்கள். நம்மூர் தேர்வு கையைப் பார்ப்பதே இல்லை, வட்டமிடுவதைத் தவிர. அந்த வட்டமிடுவதில் மட்டும் இடக்கைக்காரர் கொஞ்சம் கவனிக்கவேண்டும். ஓஎம்ஆரை இடது பக்கம், கேள்வித்தாளை வலது பக்கம் வைத்துப் பழகட்டும், இல்லாவிட்டால் எழுதும் கையே தாளை மறைக்கும், மையும் இழுகும்.

கடைசியாக அந்தக் கடைவாய்ப் பல். பத்தொன்பது வயது, விட்டுவிட்டு வலி என்றால் ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் ஈறுக்குள் சிக்கியிருக்கலாம். அதைத் தேர்வு முடியும்வரை தள்ளிப்போடுவது மிகத் தப்பான முடிவு. சரியாக ஏப்ரல் கடைசியில் வீங்கி வாய் திறக்க முடியாமல் வந்த பிள்ளைகளை வருடத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். காது வலிக்கிறது என்று சொல்லியிருந்தாளா? கீழ் ஞானப்பல் வலி காதிலும் தெரியலாம். இந்த வாரமே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுங்கள். எடுத்து முடித்ததும், உள்ளே இருக்கும் டாக்டரிடம் பிள்ளைக்கு இந்தப் படிப்பில் ஆசை என்று சொல்லி, அரை நாள் ஓரமாக நின்று பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்துப் போனால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.